இணையத்தின் முதுகெலும்பும் எமது கல்லூரியின் நேரசூசியும்

எமது கல்லூரியன்னை விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். எதனைப் பற்றி எழுதுவது என்ற தயக்கம் எமக்கு எழுந்தது. நாம் துடுப்பாட்டக் குழுவில் இடம் பெற்றதில்லை; நாடக மேடையிலும் ஏறியதில்லை. பழைய நினைவுகளைச் சுவைபட எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆகவே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எமக்குச் சோறிட்ட தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம். இணைய வலையமைப்புக்களை அமைத்துப் பேணுவதே அத்தொழில். எமது காலத்திலேயே அது தலைகீழாக மாறியது. அம்மாற்றத்தை முதலில் வெறுத்து, பின்னர் ஏற்று, ஈற்றில் அதற்கு ஒரு சிறு தொண்டும் செய்தோம். அதனைக் கூறுமுன் எமது கல்லூரியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும்.

அது ஒரு மாரிகாலம். நாம் அப்பொழுது எட்டாம் வகுப்பு மாணாக்கர். அதிபர் அவர்கள் கல்வித் திணைக்கள அலுவலாகக் கொழும்பு சென்றிருந்தார். வெள்ளத்தாற் புகையிரதப் பாதை தடைப்படவே, குறித்த நாளில் அவர் மீளவில்லை. உப அதிபரும் காய்ச்சலாற் படுத்திருந்தார். மூன்று நாட்கள் கல்லூரிக்குத் தலைமை இல்லை. ஆயினும் காலையில் உரிய நேரத்துக்கு மணி அடித்தது; பாடங்கள் மாறின; ஆய்வுகூடத்தில் இரு வகுப்புக்கள் ஒருங்கே சென்று முட்டிக்கொள்ளவில்லை. காரணம் யாதெனின், ஒவ்வொரு வகுப்பின் கதவிலும் அதிபர் தம் கையால் எழுதிய நேரசூசியின் பிரதி ஒட்டப்பட்டிருந்தது. விடுமுறையில் அவர் பெரிய கடதாசியொன்றை மேசையில் விரித்து, முழுக் கல்லூரியையும் ஒரே பார்வையில் நோக்கி அதனை வரைவார். வரைந்தபின் அதனைத் தம் அறையிற் பூட்டி வைப்பதில்லை. அந்த மூன்று நாட்களில் எமக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. அதன் பொருளை உணர எமக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

இனி விடயத்துக்கு வருவோம். இணையத்தில் நாம் அனுப்பும் கடிதமோ படமோ ஒரே பொருளாகச் செல்வதில்லை. அது பல சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் சேரவேண்டிய முகவரி எழுதப்படுகின்றது. வழியில் ரவுட்டர் என வழங்கும் வழிப்படுத்திகள் உள்ளன. தபாற்கந்தோரில் கடிதம் பிரிப்பவர் முகவரியைப் பார்த்து உரிய பையிற் போடுவது போல, அவை ஒவ்வொரு பொதியையும் அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றன. ஆகவே ஒரு வழிப்படுத்தியினுள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எந்த ஊருக்கு எந்தப் பாதை நல்லது என எண்ணித் துணிவது ஒன்று. துணிந்தபடி பொதிகளைத் தள்ளிவிடுவது மற்றொன்று. முன்னையதை எண்ணும் பகுதி என்றும், பின்னையதைச் செலுத்தும் பகுதி என்றும் இக்கட்டுரையிற் குறிப்போம். எமது தொழிலின் வரலாறு முழுவதும் இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதா, பிரித்து வைப்பதா என்ற வினாவிலேயே அடங்கியுள்ளது.

முன்னோர் அவற்றை ஒன்றாகவே வைத்தனர். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அமெரிக்காவில் போல் பரன் என்பார் 1964 இல் வெளியிட்ட ஆய்வில், நடுநாயகமாக ஒரு நிலையத்தை வைத்தால் அது அழிய யாவும் அழியும். வலை போற் பின்னிய அமைப்பாயின் ஒரு பகுதி அழியினும் எஞ்சிய பகுதி இயங்கும் என விளக்கினார். 1969 ஒக்டோபர் 29 ஆம் நாள் ஆர்ப்பாநெற் எனும் வலையமைப்பின் வழியே கலிபோர்னியாவின் இரு நிலையங்களுக்கிடையே முதற் செய்தி சென்றது. அவ்வலையில் ஒவ்வொரு கருவியும் தன் அயலாரிடம் கேட்டறிந்து, தன் வழியைத் தானே தெரிந்துகொண்டது. பின்னர் 1989 இல் கேர்க் லொகீட், யாக்கோவ் ரெக்ரர் என்னும் இருவர் உணவு மேசையிற் கைதுடைக்கும் தாள்களில் வரைந்த திட்டத்திலிருந்து, வலையமைப்புக்கள் தம்முட் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் நடப்பொழுங்கு பிறந்தது. அதன் வழிவந்ததே இன்றும் உலகின் வலையமைப்புக்களை இணைத்து நிற்கின்றது.

இம்முறையின் குறையை அதனுள் உழைத்தோரே நன்கறிவர். ஒவ்வொரு வழிப்படுத்தியும் ஒரு தனிக் குடித்தனம். அதற்குரிய கட்டளைகளை அதனதன் மொழியில், வரிவரியாக, மனிதரே தட்டெழுத வேண்டும். முழு வலையையும் ஒருங்கே காணும் கண் எங்குமில்லை. எந்த வேளையில் எந்தக் கம்பி அறும், அறுந்தால் அதன் பாரம் எங்கே சாயும் என்று எவரும் உறுதியாகக் கூறவியலாது. ஆகவே, அச்சத்தாற் பாதைகளைப் பெரும்பாலும் வெறுமையாக விடுவதே வழக்கம். நீண்டதூரக் கம்பிகளில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு மட்டுமே சராசரியாகப் பயன்பட்டது. கடலடியிலும் மலைகளைத் தாண்டியும் பெருஞ்செலவில் இட்ட கம்பிகளிற் பாதிக்கு மேல் வாளாவிருந்தன என்பது இதன் பொருள்.

எமது சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காது கூறுகின்றோம். 2003 ஆம் ஆண்டில் நாம் வெளிநாடொன்றில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்புப் பொறியியலாளராக இருந்தோம். ஒருநாள் நள்ளிரவில், இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நகரொன்றின் வழிப்படுத்திக்குப் புதிய காவல் விதிகளை இட முற்பட்டோம். அனுமதிக்கும் வரியை முதலில் எழுதி, பின்னரே விதியை நடைமுறைப்படுத்துதல் வேண்டும். களைப்பினால் வரிசையை மாற்றிவிட்டோம். அக்கருவி எம்மையே அந்நியனாகக் கருதிக் கதவடைத்துக்கொண்டது. அந்நகரின் இணைப்புக்கள் யாவும் அக்கணமே அற்றன. அவற்றுள் ஒன்று மருத்துவமனையொன்றினது. உள்ளே புகுந்து திருத்த எமக்கு வேறு வழி இல்லை. கட்டடமும் பூட்டியிருந்தது. மோட்டார் வண்டியில் மூன்று மணி நேரம் ஓடி, காவலாளியை எழுப்பி, கருவியை அணைத்து மீண்டும் இயக்கினோம். புதிய விதிகளை நாம் சேமித்திராமையால், அது பழைய கட்டளைகளுடன் உயிர்த்தெழுந்தது.

அன்றிரவு அம்மருத்துவமனையின் ஆய்வுகூடத்திலிருந்து நோயாளரின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாதியர் காகிதத்தில் எழுதி, மாடிப்படிகளில் ஏறி இறங்கிக் கையாற் கொண்டுசென்றனர் எனப் பின்னர் அறிந்தோம். எவர்க்கும் உயிரிழப்பு நேரவில்லை. நிறுவனத்தில் எம்மை எவரும் கடிந்துகொள்ளவுமில்லை; அத்தவறு அத்தொழிலிற் பலர்க்கும் நேர்வதே. ஆயினும் விடியற்காலையில் வண்டியோட்டித் திரும்பிய அந்த மூன்று மணி நேரத்தை நாம் மறந்திலோம். அதன்பின் ஒவ்வொரு கருவியின் குணத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கினோம். எந்தக் கருவிக்கு எந்த வரிசையிற் கட்டளையிட வேண்டும், எந்தக் கம்பி மழைநாளிற் சோர்வுறும் என்பன அதில் அடங்கின. பத்து ஆண்டுகளில் அக்கொப்பி தடித்தது. அதனோடு எமது செருக்கும் தடித்தது.

இந்நிலையில், கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்னும் ஆராய்ச்சி மாணவர், பேராசிரியர் நிக் மக்கியோன் முதலியோருடன் சேர்ந்து ஒரு புதுக்கருத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். வலையமைப்பின் விதிகளையெல்லாம் ஓரிடத்தில் எழுதி, நடுவிலுள்ள ஒரு கணினியிலிருந்து எல்லா ஆளிகளையும் நடத்தும் அம்முறை, ஈதேன் என்னும் பெயருடன் 2007 இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, 2008 இல், ஓப்பின்புளோ என்னும் நடப்பொழுங்கு வெளிவந்தது. இதன்படி எண்ணும் பகுதி பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, சாதாரண சேவையகங்களில் இயங்கும் மென்பொருளாக வைக்கப்படும். பெட்டியில் எஞ்சுவது செலுத்தும் பகுதி மட்டுமே. ‘இம்முகவரிப் பொதி வந்தால் இவ்வாயிலால் அனுப்பு’ என்ற அட்டவணையை அது பெற்று, அதன்படி நடக்கும். மென்பொருளால் வரையறுக்கப்பட்ட வலையமைப்பு என்று இதனை வழங்குவர். 2011 இல் இதனைப் பரப்புதற்கென ஓர் அமைப்பும் நிறுவப்பட்டது.

இது பல்கலைக்கழக விளையாட்டன்று என்பதைக் கூகிள் நிறுவனம் காட்டியது. உலகெங்குமுள்ள தன் சேவையக நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தனி முதுகெலும்பு வலையொன்றை அது இம்முறையில் அமைத்தது. பி-4 என்பது அதன் பெயர். 2011 இல் அதில் 12 நிலையங்கள் இருந்தன. 2013 இல் வெளியான அந்நிறுவனத்தாரின் ஆய்வுரையில் அதன் விவரங்களைக் காணலாம். ஆளிகளைக்கூட அவர்கள் விலைக்கு வாங்காது, சந்தையிற் கிடைக்கும் சில்லுகளைக் கொண்டு தாமே செய்தனர். நடுவிலிருந்த மென்பொருள் முழு வலையையும் ஒரே படமாகக் கண்டது. பயனாளரின் கோப்புக்களைப் பிரதி செய்யும் பொதிகளை அது முதலில் அனுப்பியது; நிலையங்களுக்கிடையே பெருந்தரவுகளைச் சமன்செய்யும் பொதிகளை இடம் கிடைக்கும் வரை காத்திருக்கச் செய்தது. இதனாற் பல கம்பிகள் ஏறக்குறைய முழுமையாகவே நிரம்பி ஓடின. எல்லாக் கம்பிகளினதும் நீண்டகாலச் சராசரி நூற்றுக்கு 70 ஆயிற்று. அதே கம்பி இரண்டு மூன்று மடங்கு வேலை செய்தது.

நிலையங்களின் உள்ளேயும் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. ஒரு நிலையத்தினுள் பல்லாயிரம் சேவையகங்கள் தம்முள் ஓயாது பேசுகின்றன. அவற்றை ஒரு பேராளியால் இணைத்தல் இயலாது. இதற்குத் துணைவந்தது தொலைபேசிக் காலத்துப் பழைய அறிவே. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாள்ஸ் குளோ என்பார் 1953 இல், சிறிய ஆளிகளை அடுக்கடுக்காகப் பின்னினால் எந்த அழைப்பும் தடைப்படாத பெரிய ஆளியாக அவை இயங்கும் எனக் கணித முறையால் நிறுவியிருந்தார். தொலைபேசி நிலையங்களுக்காக வகுத்த அக்கணக்கை, அரை நூற்றாண்டின் பின் சேவையகங்களுக்காக எடுத்தாண்டனர். கூகிளின் ஜூப்பிட்டர் என்னும் அமைப்பு, 2015 இல் வெளியான ஆய்வுரையின்படி, நொடியொன்றுக்கு 1,300 இலட்சம் கோடி பிற்றுக்களுக்கு இடமளித்தது. ஓர் இலட்சம் சேவையகங்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 1,000 கோடி பிற்றுக்களை ஒருங்கே பரிமாறினும் அது தாங்கும். 2022 இல் வெளியான தொடர் ஆய்வுரையில், அவ்வடுக்குகளின் உச்சியிலிருந்த மின்னாளிகளை நீக்கி, நுண்ணிய கண்ணாடிகளாற் கதிர்களைத் திருப்பும் ஒளியாளிகளை வைத்தமை கூறப்பட்டுள்ளது. அவற்றைத் திருப்பும் கட்டளையும் மென்பொருளிலிருந்தே பிறக்கின்றது.

இச்செய்திகளை நாம் ஆர்வத்துடன் வாசித்தோம் எனக் கூறினாற் பொய்யாகும். 2014 இல் எமது நிறுவனம் எண்பதுக்கு மேற்பட்ட தன் வழிப்படுத்திகளை இம்முறைக்கு மாற்றத் தீர்மானித்தபொழுது, கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் நாமே. நடுவொன்றை வைத்தால் நடு அழிய யாவும் அழியும் என்று போல் பரன் கூறியதை எடுத்துரைத்தோம். அது மெய்யான வாதமே. ஆயினும் எமது எதிர்ப்பு முழுவதும் அதிலிருந்து பிறந்ததன்று என்பதை இன்று ஒப்புக்கொள்ளுகின்றோம். பத்தாண்டுகளாக நள்ளிரவுகளிற் கற்றதெல்லாம் ஒரு மென்பொருளின் சில நூறு வரிகளில் அடங்கிவிடுமாயின், நாம் எதற்காக என்ற வினா எம்மை உள்ளே அரித்தது.

அம்மாற்றத்தை நடத்த நியமிக்கப்பட்டவர் எம்மினும் இருபத்தைந்து ஆண்டு இளையவர். எமது கல்லூரியின் பழைய மாணவரும் ஆவர். அதே விறாந்தைகளில் நடந்து, அதே மணியோசை கேட்டு வளர்ந்தவர். முதலில் எமது கொப்பியைக் கேட்டார். நாம் இரண்டு வாரம் சாக்குச் சொல்லிக் கடத்தினோம். ஒருநாள் மதிய உணவு வேளையில் எமதருகே அமர்ந்து, “அண்ணை, உங்களோடு சேர்ந்து இந்தக் கொப்பியும் ஓய்வுபெற்றுப் போகக்கூடாது” என்றார். அதில் இகழ்ச்சி இல்லை, கவலையே இருந்தது. மறுநாள் கொப்பியை அவர் கையிற் கொடுத்தோம்.

இருவரும் ஆறு கிழமைகள் அதனைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அப்பொழுது எமது செருக்குக்கு ஏற்ற மருந்து கிடைத்தது. கொப்பியில் இருந்தவற்றுட் பாதி, என்றோ மாற்றப்பட்டுவிட்ட கருவிகளின் பழைய நோய்களுக்கான பரிகாரங்கள். சில விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன; இரண்டையும் நாமே வெவ்வேறு ஆண்டுகளில் எழுதி, இரண்டையும் நம்பியிருந்தோம். எஞ்சிய சில விதிகள் மட்டும் வேறெவரும் அறியாதவை. அவற்றை அவர் மென்பொருளில் எழுதினார்; எழுதியபின் சோதனைக் கூடத்தில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தார். நாம் 2003 இற் செய்த தவறையும் ஒரு சோதனையாக வைத்தார். விதியின் வரிசை பிழைத்தால், அது கருவியைச் சென்றடையுமுன் மென்பொருள் மறுத்துவிடும். அன்று முதல் எமது வேலையில் வரும் எந்த இளைஞனும் அந்நள்ளிரவுப் பயணத்தை மேற்கொள்ள வேண்டியதில்லை. எமது அறிவு எம்மைவிட்டு நீங்கியதாக அன்று எமக்குத் தோன்றவில்லை. எமக்குப் பின்னும் அது வேலை செய்யும் என்றே தோன்றியது.

எனினும் எமது வாதத்தின் மெய்யான பகுதி எஞ்சியே நின்றது. நடுவிலுள்ள அறிவு பிழைத்தால் அல்லது பேசாதொழிந்தால் என்செய்வது? பரந்த முறையே பாதுகாப்பானது எனக் கூறவும் இயலாது. 1980 ஒக்டோபர் 27 ஆம் நாள் ஆர்ப்பாநெற் முழுவதும் சில மணி நேரம் முடங்கியது. பழுதுற்ற கருவியொன்றின் சிதைந்த செய்திகள் மூன்று, ஒன்றினும் ஒன்று புதியதாகத் தோன்றி, வட்டமாகச் சுழன்றுகொண்டே இருந்தன. ஒவ்வொரு கருவியும் தன் கடமையைச் செவ்வனே செய்தமையாலேயே நோய் எங்கும் பரவிற்று. மறுபுறம் பி-4 வலையும் இடறியதுண்டு. ஆளிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியபொழுது, இரண்டு ஆளிகளுக்கு ஒரே அடையாள எண் கையால் தவறுதலாக இடப்பட்டு, அதனாற் பெரும் முடக்கம் விளைந்ததை அவர்களே தம் ஆய்வுரையில் எழுதியுள்ளனர்.

இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் யாவரும் அறிந்தவை. 2019 யூன் 2 ஆம் நாள், கூகிளின் சில நிலையங்களில் வலையை நடத்தும் மென்பொருள்கள் பராமரிப்பு வேலையொன்றின் பிழையால் ஒருங்கே நிறுத்தப்பட்டன. கருவிகள் கடைசியாகப் பெற்ற கட்டளையின்படி சிறிது நேரம் இயங்கின. அதன் பின்னரே பாதைகள் நீங்கி நெரிசல் தோன்றிற்று. 2021 ஒக்டோபர் 4 ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிதற்கென இட்ட ஒரு கட்டளை, அவ்வலையின் எல்லா இணைப்புக்களையும் அறுத்தது. அதனைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. பொறியியலாளர் உட்புகுவதற்கென வைத்திருந்த மாற்று வழியும் கைகொடுக்கவில்லை. ஆட்களை நேரே அனுப்பியே திருத்தினர். ஏறக்குறைய ஆறு மணி நேரம் அந்நிறுவனத்தின் சேவைகள் உலகெங்கும் மறைந்தன. அச்செய்தியை வாசித்தபொழுது, காவலாளியை எழுப்பி நின்ற 2003 ஆம் ஆண்டின் இரவு எமது நினைவில் எழுந்தது.

எமது நிறுவனத்தில் நாம் செய்த சிறு தொண்டு இங்கேதான் வருகின்றது. மாற்றத்துக்கு உடன்படுமுன் மூன்று ஏற்பாடுகளை வேண்டினோம். முதலாவது, நடு பேசாதபொழுது ஒவ்வொரு கருவியும் கடைசிக் கட்டளையை மறவாது அதன்படி நடத்தல். இரண்டாவது, எவ்விதப் புதுக்கட்டளையும் எல்லாக் கருவிகளுக்கும் ஒருங்கே செல்லாது, முதலில் ஒரு நகருக்குச் சென்று, சிறிது பொறுத்து, நலமெனக் கண்டபின் மற்றவற்றுக்குச் செல்லுதல். மூன்றாவது, எமது வலையை நம்பியிராத தனித் தொலைபேசி வழியொன்றை ஒவ்வொரு கருவிக்கும் இட்டு, மாதந்தோறும் அதனைப் பரிசோதித்தல். மூன்றாவதற்குச் செலவு அதிகம். ‘இது பழைய காலத்து அச்சம்’ எனக் கூட்டத்திற் சிலர் நகைத்தனர். எமது இளைய நண்பரே எழுந்து, அது அச்சமன்று எனக் கூறி எம்மைத் தாங்கினார். பி-4 வலையை அமைத்தோரும் பழைய நடப்பொழுங்கை முற்றாக நீக்காது அடியில் வைத்து, வேண்டும்போது புதிய கணக்கை நிறுத்திப் பழைய வழிக்கு மீள ஒரு வாய்ப்பை வைத்திருந்தனர் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். ஏற்பாடுகள் மூன்றும் நிறைவேறின.

2017 இல் ஒரு நாள், மென்பொருளைப் புதுப்பித்தபொழுது, எமது வலையின் நடுவிலிருந்த மூன்று சேவையகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. நடுவே எண்ணும் அறிவு ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. வழிப்படுத்திகள் யாவும் தாம் கடைசியாகப் பெற்ற அட்டவணையைப் பிடித்துக்கொண்டு தம் வேலையைச் செய்தன. எந்த மருத்துவமனையின் இணைப்பும் அறவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஏதேனும் ஒரு பெருங்கம்பி அறுந்திருக்குமாயின், பழைய கட்டளையைப் பின்பற்றிய கருவிகள் அறுந்த வாயிலிலேயே பொதிகளைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கும் என்பதையும் கூறவேண்டும். அன்று கம்பி அறாதது எமது திறமையன்று, திருவருளே. அதன்பின், ஒவ்வொரு பாதைக்கும் மாற்றுப் பாதையொன்றை முன்கூட்டியே அட்டவணையிற் சேர்த்து எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

அன்று மாலை, திரைகளில் யாவும் பச்சையாக மாறியபின், இளைய நண்பரிடம் கதவில் ஒட்டிய நேரசூசியைப் பற்றிக் கூறினோம். அவர் காலத்திலும் அது ஒட்டப்பட்டிருந்ததாம். அதன் அடியில், ஆசிரியர் வராவிடின் வகுப்பைப் பார்க்கவேண்டிய மற்றோர் ஆசிரியரின் பெயரும் சிறிய எழுத்தில் இருந்ததாம். எமது காலத்தில் அது இருந்ததோ என எண்ணிப் பார்த்தோம்; நினைவுக்கு வரவில்லை. நாம் அன்றுதான் கண்டுபிடித்ததாக மகிழ்ந்த மாற்றுப்பாதை அவர் வகுப்புக் கதவிலேயே எழுதப்பட்டிருந்தது.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எமது தொழிலிற் புகவிரும்புவோர் இனி ஒவ்வொரு பெட்டியின் குணத்தையும் மனனஞ் செய்யவேண்டியதில்லை. மென்பொருள் எழுதவும், கணக்கை ஆராயவும், முழு அமைப்பையும் ஒருங்கே நோக்கவும் கற்றல் வேண்டும். அது எமது காலத்தினும் மேலான தொழிலே. ஆயினும் ஓர் அமைப்பை நீங்கள் வரையும்பொழுது, நடுவிலுள்ள அறிவு எவ்வளவு நுண்ணியது என்பதோடு நிறுத்தாது, அது பேசாத மூன்று நாட்களில் மற்றவை என்செய்யும் எனவும் கேளுங்கள். உங்களிடம் ஒரு கொப்பி உளதாயின், கேட்பதற்குமுன் கொடுங்கள். நாம் கடத்திய இரண்டு வாரத்தை நீங்கள் கடத்தாதீர்கள்.

அதிபர் அவர்கள் நான்காம் நாட் காலை நனைந்த குடையுடன் கல்லூரிக்குள் நுழைந்தபொழுது, முதலாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்புக்களின் வழியே மெல்ல நடந்து, எமது கதவருகிற் சற்று நின்று, மழையிற் கரைந்திருந்த நேரசூசியின் ஒரு மூலையைப் பேனாவாற் திரும்ப எழுதிவிட்டுச் சென்றார். அவர் நினைவுக்கு இச்சிறு கட்டுரையைக் காணிக்கையாக்குகின்றோம். எமது கல்லூரியன்னை நீடு வாழ்க.